இரசாயனப் பொறியியல் கல்வி வந்த வழி

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கழகத்தார் கேட்டபொழுது, மன்னர் வரலாறு எழுதுவதா, இயக்க வரலாறு எழுதுவதா என்று நாம் சில நாள் எண்ணிப் பார்த்தோம். அவ்விரண்டையும் எழுத நம்மினும் வல்லார் பலர் உளர். ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிந்தவுடன் பெற்றோர் பலர் நம் அலுவலக வாயிலில் நின்று, “ஐயா, பையன் கெமிக்கல் இஞ்சினீயரிங் என்கிறான். அது என்ன படிப்புங்க?” என்று கேட்பது வழக்கம். இத்தனை ஆண்டுகளாக அதற்கு நாம் முழுமையான விடை தந்ததில்லை. அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். வேதியியலை உயர்நிலைப் பள்ளியோடு விட்டோம். எனவே ஈண்டுக் கூறப்படும் அறிவியல் நம் மாணாக்கர் ஒருவர் நமக்குக் கற்பித்தது. வரலாறு மட்டுமே நாம் தேடியது. அம்மாணாக்கரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

இப்படிப்பைத் தமிழில் வேதிப் பொறியியல் என்றும் இரசாயனப் பொறியியல் என்றும் வழங்குவர். வேதியியல் என்பது வேறு, இது வேறு. ஒரு பொருளைக் குடுவையில் ஒரு பிடியளவு ஆக்கிக் காட்டுபவர் வேதியியலார். அதையே நாள்தோறும் ஆயிரம் மூட்டை கேடின்றி, வீணின்றி, குறைந்த செலவில் ஆக்குவதற்குக் கொப்பரை எவ்வளவு பெரிது வேண்டும், குழாய் எவ்வளவு அகலம் வேண்டும், நெருப்பு எவ்வளவு வேண்டும், கழிவு எங்கே போகும் என்று கணக்கிடுபவர் இரசாயனப் பொறியாளர். சர்க்கரை, உரம், சோப்பு, காகிதம், பெட்ரோல், மருந்து, தோல் ஆகிய இவையனைத்தும் அவர் கணக்கில் அடங்கும்.

இக்கல்வி இங்கிலாந்தில் புகையிலிருந்து பிறந்தது எனலாம். 19-ஆம் நூற்றாண்டில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை உப்பும் கந்தக அமிலமும் கொண்டு ஆக்கினர். அத்தொழிலில் வெளிப்பட்ட அமிலப் புகை சுற்றுப்புறப் பயிர்களைக் கருக்கியது. மக்கள் முறையிட, 1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காரத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றி, அப்புகையில் நூற்றுக்கு 95 பங்கையேனும் ஆலைக்குள்ளேயே அடக்கவேண்டும் என்று விதித்தது. இச்சட்டத்தின்கீழ் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கும் ஆய்வாளராய்ப் பணியாற்றியவர் ஜார்ஜ் டேவிஸ் (1850–1907). பல ஆலைகளைப் பார்த்த அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆக்கும் பொருள் வேறுவேறாயினும், ஆலைதோறும் நடக்கும் வேலைகள் சிலவே. 1887-இல் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியில் இதுபற்றி அவர் 12 சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றின் விரிவான கையேடு 1901-இல் நூலாக வெளிவந்தது. ஊரார் முறையீட்டிலிருந்து ஒரு கல்வித்துறை தோன்றியதை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துவது நலம்.

எனினும் பட்டப்படிப்பாக இது முதலில் அமைந்தது அமெரிக்காவில். பாஸ்டன் நகரில் அந்நாள் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பப் பயிலகத்தில் லூயிஸ் மில்ஸ் நார்ட்டன் என்னும் பேராசிரியர் 1888-இல் நான்காண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். 1891-இல் எழுவர் தேறி முதற்பட்டதாரிகள் ஆயினர். நார்ட்டனோ 1893-இல் நாற்பது அகவை நிரம்புமுன்னரே மறைந்தார். பின்னர் வந்த வாக்கர், லூயிஸ் முதலியோர் அப்பாடத்திட்டத்தைச் செம்மை செய்தனர். 1915-இல் ஆர்தர் லிட்டில் என்பார் அப்பயிலகத்துக்கு அளித்த அறிக்கையில், நொறுக்குதல், கலத்தல், வடித்தல், உலர்த்துதல், காய்ச்சி ஆவியாக்குதல் போன்றவற்றை ‘அலகுச் செயல்கள்’ எனப் பெயரிட்டார். எழுத்துகளைக் கூட்டிச் சொற்கள் ஆவதுபோல, இச்செயல்களைக் கூட்டினால் எந்தத் தொழிற்சாலையும் அமையும் என்பது அவர் கருத்து. 1923-இல் வாக்கர், லூயிஸ், மக்ஆடம்ஸ் மூவரும் இயற்றிய பாடநூல் இதனைக் கணக்கு வடிவாக்கியது. இன்றும் நம் கல்லூரிகளில் முதலாண்டைக் கடந்த மாணாக்கர் பயில்வது இவ்வழியே வந்த கல்விதான்.

இனி நாம் சற்று நின்று பேச விரும்பும் ஒருவரிடம் வருவோம். அவர் மேற்சொன்ன பேராசிரியர்கள் அனைவருக்கும் முற்பட்டவர். இப்படிப்பின் பாடநூல்களில் அவர் கண்ட கருவி தவறாது இடம்பெறும். அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறாது.

நார்பர்ட் ரில்லியூ 1806-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை வெள்ளையர், பொறியாளர். தாய் அடிமையல்லாத கறுப்பின மரபுப் பெண். அந்நகர்ச் சட்டப்படி அவ்விருவரும் மணம் செய்துகொள்ள இயலாது. தந்தை மகனைப் பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஆங்கு எக்கோல் சாந்த்ரால் என்னும் பொறியியல் பள்ளியில் பயின்று, 24-ஆம் அகவையிலேயே அங்கே ஆசிரியராகவும் அமர்ந்தார். நீராவி இயந்திரம் அவருக்குக் கைவந்த பாடம்.

அந்நாளில் லூசியானா மாநிலத்தில் சர்க்கரை எவ்வாறு காய்ச்சப்பட்டது? வரிசையாக அமைந்த திறந்த கொப்பரைகளில் சாறு கொதிக்கும். அடிமைகள் நீண்ட அகப்பை கொண்டு கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு முகந்து ஊற்றுவர். வெந்து புண்பட்டோர் பலர். விறகும் மிகுதியாகச் செலவாகும், சர்க்கரையும் கருகும். இங்கிலாந்தில் ஹோவர்ட் என்பார் வெற்றிடக் கொப்பரையை முன்னரே கண்டிருந்தார். காற்றழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பது அதன் அடிப்படை. ரில்லியூ அதனினும் ஒரு படி மேலே சென்றார். முதற் பாத்திரத்தில் சாறு கொதித்து எழும் ஆவியை வீணே வானத்தில் விடுவானேன்? அதையே இரண்டாம் பாத்திரத்துக்கு நெருப்பாக்கலாம். அங்கே அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அவ்வாவியின் சூடே கொதிக்கவைக்கப் போதும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு. ஒருமுறை மூட்டிய நெருப்பு மும்முறை வேலை செய்கிறது! 1843-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் லூசியானாவின் தோட்டங்களில் அது பரவியது.

இதன் பெருமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நூறு கிலோ கருப்பஞ்சாற்றில் 15 கிலோ கரைபொருளும் 85 கிலோ நீரும் உள்ளன என்று கொள்வோம். அதை நூற்றுக்கு 60 பங்கு செறிவுள்ள பாகாக்க வேண்டும். கரைபொருள் எங்கும் போகாது. அது 15 கிலோவாகவே நிற்கும். ஆகவே பாகு 25 கிலோ, போகவேண்டிய நீர் 75 கிலோ. ஒரே பாத்திரமாயின் அதற்கு ஏறத்தாழ 75 கிலோவோ அதற்குச் சற்று மேலோ நீராவி வேண்டும். ரில்லியூவின் முறையில் மூன்று பாத்திரங்கள் இருப்பின் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு, இழப்பு நீங்கலாக, போதுமானது. இக்கணக்கில் முதற்பாதிக்குப் பொருட்சமநிலை என்று பெயர், பிற்பாதிக்கு ஆற்றற்சமநிலை என்று பெயர். இரசாயனப் பொறியியல் மாணாக்கர் எழுதும் முதற்கணக்குகள் இவையே.

இத்தகைய பெரியாருக்கு அந்நாடு செய்தது என்ன? தம் கருவியை நிறுவ அவர் தோட்ட முதலாளிகளின் இல்லங்களுக்குச் செல்லும்போது, அவர்களுடன் ஒரே கூரையின்கீழ்த் தங்கும் உரிமை அவருக்கு இல்லை என்பர். அவர்தம் அறிவு வேண்டும், அவர் வேண்டா. 1850-களில் அடிமையல்லாத கறுப்பினத்தார்மீதும் கட்டுப்பாடுகள் இறுகின. அவர் பிரான்சுக்கே திரும்பினார். முதுமையில் எகிப்தியப் பட எழுத்துகளையும் ஆராய்ந்தார். 1894-இல் மறைந்து பாரிசில் அடக்கமானார். 1934-இல் லூசியானாவில் அவர் நினைவாக ஒரு வெண்கலப் பட்டயம் வைத்தனர். 2002-இல் அமெரிக்க வேதியியல் கழகம் அவர்தம் கண்டுபிடிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

ரில்லியூவை நாம் கண்மூடிப் போற்றவும் இயலவில்லை என்பதை இளைஞர்களிடம் மறைக்கமாட்டோம். அவர் கருவி கொதிக்கும் அகப்பையிலிருந்து அடிமைகளின் கைகளை விடுவித்தது மெய். சர்க்கரைத் தோட்ட முதலாளியின் வருவாயை அது பெருக்கியதும் மெய். அடிமைமுறை வீழ்ந்தது உள்நாட்டுப் போருக்குப் பின்னரேயன்றி இக்கருவியால் அன்று. பொறி மட்டும் மனிதனை விடுதலை செய்வதில்லை. ஆயினும் அப்பொறியை யார் கணக்கிட்டார் என்பது வரலாற்றில் சிறிய செய்தியன்று.

இந்தியாவுக்கு வருவோம். வங்காளத்து ஜாதவ்பூரில் ஹீராலால் ராய் 1921-இல் இப்பாடத்தைத் தொடங்கினார். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதித் தொழில்நுட்பத் துறை அமைந்தது. சென்னையில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தபோது அது அதன் அங்கமாயிற்று. அடையாற்றில் 1948-இல் நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அழகப்பா கல்லூரியில் வேதிப் பொறியியலோடு தோல் தொழில்நுட்பமும் பட்டப்படிப்பாயிற்று.

தோல் என்றவுடன் நம்மவர் சிலர் முகம் சுளிப்பர். அச்சுளிப்பைத்தான் நாம் ஆராயவேண்டும். பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியிலிட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடுவதில் நிகழ்வது என்ன? ஊறல், கரைதல், ஊடுருவல், வினைபுரிதல், உலர்தல் ஆகியவையே. லிட்டில் பெயரிட்ட அலகுச் செயல்கள் பலவற்றை, அவர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே நம் பாட்டன்மார் கையாலும் கண்ணாலும் மூக்காலும் அளந்து செய்தனர். குழியில் கையிட்டுப் பார்த்தே சுண்ணாம்பு போதுமா என்று சொல்லும் முதியோரை இளமையில் நாம் நேரிற் கண்டிருக்கிறோம். அவ்வேலையைக் கையால் செய்தவரை ஊர் சேரிக்கு அப்பால் நிறுத்தியது. அதையே கணக்கால் செய்தவருக்குப் பட்டமளிப்பு மண்டபத்தில் அங்கி அணிவித்தது. இடையில் மாறியது வேலையன்று. யார் செய்கிறார் என்பதே. குரோமியம் இட்டுப் பதனிடும் முறை 1884-இல் அமெரிக்காவில் சூல்ட்ஸ் பெற்ற காப்புரிமையால் தொடங்கி, பின்னர் இங்கும் வந்தது. வந்தபின் தொழில் வளர்ந்தது, பாலாறும் கெட்டது. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றைக் கெடுத்ததும் இரசாயனம். கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையங்களை அமைப்பதும் இரசாயனப் பொறியியல்.

நம்மவர்க்கு இக்கல்விக்கான வாயில் தானே திறந்ததன்று. டாக்டர் அம்பேத்கர் 1942-இல் வைசிராய்க்கு அளித்த முறையீட்டில், கலையும் சட்டமும் மட்டும் பயில்வது தாழ்த்தப்பட்டோரை உயர்த்தப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அது செலவு மிக்கதாகையால் அரசே உதவித்தொகை தரவேண்டும் என்று வாதிட்டார். சட்டமும் பொருளியலும் கற்ற மேதை தம் சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தம் வழியினின்றும் வேறு வழியைக் காட்டினார் என்பது நம்மை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் நடைமுறைக்கு வந்தது. நம்மில் எத்தனைபேர் அத்தொகையால் பட்டம் பெற்றோம்! நாமும் அவருள் ஒருவரே.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை இருந்தது. 1947-க்குப் பின் அது 14 இடங்களுக்கு இரண்டை அரிசன மாணவர்க்கு ஒதுக்கியது. இவ்வாணையை எதிர்த்து வந்த இரு வழக்குகளில் ஒன்று பொறியியல் கல்லூரி இடம்பற்றியதே. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர்க்கு இன்று நூற்றுக்கு 18 இடங்கள். 2009 முதல் அவற்றுள் 3 அருந்ததியர்க்கு. நுழைவுத்தேர்வு 2007-இல் நீங்கியது. 2021-இல் இயற்றிய சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடங்களை முன்னுரிமையில் அளித்தது. அவர்தம் கட்டணத்தை அரசே ஏற்றது. இச்சட்டத்தை அறியாத பெற்றோர் நம் ஊர்களில் இன்னும் உளர் என்பது தலைமையாசிரியர்களாகிய நம் குறையே.

இடம் கிடைத்தல் ஒன்று, நிலைத்திருத்தல் வேறொன்று. நம் மாணாக்கரைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். பெயர் வேண்டா, அவர் பயின்ற கல்லூரியின் பெயரும் வேண்டா. அவர் தந்தையார் வெல்லம் காய்ச்சும் ஆலையில் கூலி. கொப்பரைக்கு அடியில் கரும்புச் சக்கையும் சருகும் தள்ளி நெருப்பைக் காப்பது அவர் பணி. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, கல்லூரியில் முதல் நாளே எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று பலர் முன்னிலையில் கேட்கப்பட்டார். அதைப் பொறுத்துக்கொண்டார். பொருட்சமநிலைத் தாளில் தோற்றதைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. விடுமுறையில் வந்து, “ஐயா, நான் பி.எஸ்ஸி.க்கு மாறிக்கொள்கிறேன்” என்றார்.

வினாத்தாளை வாங்கிப் பார்த்தோம். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கிலத்தை மட்டும் வரிவரியாகத் தமிழாக்கிப் படித்தோம். மேலே நாம் எழுதிய கருப்பஞ்சாற்றுக் கணக்கே அது. படித்து முடிக்குமுன் அவர் நிறுத்தச் சொன்னார். “இவ்வளவுதானா ஐயா? சாறு சுண்டினால் நீர்தான் போகும், இனிப்பு போகாது” என்று விடையைத் தாமே போட்டார். கணக்குத் தெரியாமல் அவர் தோற்கவில்லை. மொழி தெரியாமல் தோற்றார். அன்றுமுதல் நம் பள்ளியில் மேல்நிலை இரண்டாமாண்டு மாணாக்கர்க்கு வாரம் இருநாள் மாலையில், அறிவியல் கணக்குகளை ஆங்கிலத்தில் படிக்கும் வகுப்பு நடைபெறுகிறது. கழகத்தின் இளைஞர்கள் இருவர் ஊதியமின்றி வந்து உதவுகின்றனர்.

இப்படிப்பை விரும்பும் தம்பியரும் தங்கையரும் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். நான்காண்டில் கணிதமே மிகுதி. பாய்ம இயக்கவியல், வெப்ப மாற்றம், பொருண்மை மாற்றம், வெப்ப இயக்கவியல், வினைப் பொறியியல், கட்டுப்பாடு, இறுதியாண்டில் ஓர் ஆலையையே தாளில் வடிவமைத்தல் என்று பாடங்கள் ஏறிச்செல்லும். மனப்பாடம் செய்து தேறுவார் அரியர். ஆய்வகத்தில் குழாய்களோடும் வால்வுகளோடும் மல்லாடவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஆலை வேலை ஆகாது என்பார் சொல்லைக் கேட்கவேண்டா. வடிவமைப்பு அலுவலகங்கள், ஆய்வுக்கூடங்கள், மாசுக் கட்டுப்பாடு, மருந்துத் தொழில் எனப் பல வாயில்கள் உள. படிப்பு முடித்தவுடன் வேலை கதவைத் தட்டும் என்றும் நாம் சொல்லமாட்டோம். கணினிப் படிப்புகளின் ஆரவாரத்தில் இது சற்றே பின்தள்ளப்பட்டிருப்பதும் உண்மை.

நம் மாணாக்கர் பட்டம் பெற்று ஒரு சர்க்கரை ஆலையில் பணியில் சேர்ந்தார். அடுத்த அரைவைப் பருவத்தில் அனுமதி பெற்று, தம் தந்தையாரையும் நம்மையும் அழைத்துச் சென்று காட்டினார். ஆளுயரத்தின் மும்மடங்கு உயரத்தில் ஆவியாக்கிகள் வரிசையாக நின்றன. இவற்றின் மூலவடிவைக் கண்டவர் ஒரு கறுப்பின மனிதர் என்று நாம் கூற, உடன்வந்த முதிய பணியாளர் நம்பாமல் இருமுறை கேட்டார்.

தந்தையார் அதைக் காதில் வாங்கவில்லை. நெருப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசிப் பாத்திரத்தின் கண்ணாடிச் சாளரத்தில் முகம் வைத்து, உள்ளே பாகு கொதிப்பதை நெடுநேரம் பார்த்தார். பின்னர் மகனைத் திரும்பி நோக்கி, “இது இன்னும் பதத்துக்கு வரலையே, தண்ணி நிக்குது” என்றார். “ஆமாம் அப்பா, இங்கே அறுபதுதான். மிச்சம் அடுத்த பாத்திரத்தில்” என்று அவரைக் கைப்பிடித்து அடுத்த தளத்துக்கு அழைத்துச் சென்றார் மகன்.